பாசியிலிருந்து எண்ணெய்: மலைத் தோட்டத்திற்கு ஏற்றதா?
(விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பச்சைத் தேயிலைக்கு விலை கட்டவில்லை. செடியைப் பிடுங்கிவிட்டுக் குட்டை வெட்டி, பாசி வளர்த்து டீசல் எடுக்கலாமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கடன் வாங்கும் முன் கணக்கைப் பாருங்கள்.

நுண்பாசி கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். வெயில், கரியமில வாயு, தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவற்றைக் கொண்டு வளர்ந்து உடலில் எண்ணெயைச் சேர்க்கிறது. சில வகைகளில் உலர்ந்த எடையில் கால் பங்கிற்கு மேலும் எண்ணெய் உண்டு. இது உண்மையே. ஆனால், திறந்த குட்டையில் 1,000 லிட்டர் நீரை வடித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ உலர்ந்த பாசிதான் கிடைக்கும். அதில் எண்ணெய் சுமார் 125 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க 7,000 லிட்டர் நீரை வடித்தாக வேண்டும்!

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதனை ஆராய்ந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்னும் ஊரில் குட்டைகள் அமைத்தனர். குளிரினால் சீரான விளைச்சல் கிடைக்கவில்லை. செலவும் பெட்ரோலிய டீசலை மிஞ்சியது. மார்கழி, தையில் உறைபனி விழும் உதகைப் பகுதிக்கு இது ஒரு பாடம்.

எரிபொருள் வேண்டுவோர் சாண எரிவாயுக் கலனை நாடலாம். நான்கைந்து மாடுகளிலிருந்து நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கன மீட்டர் கலன் போதுமானது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வேலை செய்யும். 15 டிகிரிக்குக் கீழே வெகுவாகத் தளர்ந்துவிடும். எனவே மலையில் கவனிக்க வேண்டியவை:

1. சமவெளியில் சாணக் கரைசல் 30 நாள் கலனில் தங்கினால் போதும். மலையில் 55 நாள் தங்க வேண்டும். அதற்கேற்பப் பெரிய கலனாகக் கட்டுங்கள்.

2. நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில், நிலத்தடிக் குவிமாட வகையை அமையுங்கள்.

3. சாணத்தையும் நீரையும் சம அளவில் கலக்குங்கள். குளிர்காலத்தில் வெயிலில் வைத்த நீரைப் பயன்படுத்தி, நண்பகலில் ஊற்றுங்கள்.

4. பனிக்காலத்தில் கலனின் மேல் வைக்கோல் பரப்பி மூடுங்கள்.

குளிர் மாதங்களில் வாயு குறையும். கொஞ்சம் விறகும் தேவைப்படும். வெளிவரும் கழிவு, கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஆகியவற்றிற்கு நல்ல எரு.

பாசி ஆராய்ச்சி தொடரட்டும். தேயிலைச் செடியைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. மீண்டும் நட்டு முழு விளைச்சல் காணப் பல ஆண்டுகள் ஆகும். சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பதும் அதன் வேரே. ஆகவே செடியைக் காப்பாற்றுங்கள். சாணத்தை வீணாக்காது பயன் பெறுங்கள்.