மனநிலை சீரான பிறகும் ஒரு பயிற்சி

இருமுனை மனநிலைக் கோளாற்றில் மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மருந்தால் அடங்கிய பிறகும், பலருக்கு ஞாபகமும் கவனமும் திட்டமிடும் திறனும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். படித்த பத்தியையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். வீட்டார் இதைச் சோம்பல் என்று திட்டுவதுண்டு, அது நியாயமில்லை.

இதற்கென ஒரு பயிற்சியை ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவர்கள் வகுத்தார்கள். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மொத்தம் 21 வகுப்புகள். டைரியில் குறித்துவைப்பது, பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்துவது எனப் பாடங்கள் எல்லாமே அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை.

239 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, பயிற்சி பெற்றவர்கள் வேலையிலும் பிறரோடு பழகுவதிலும் தேறியிருந்தார்கள். நோயைப் பற்றி விளக்கும் வகுப்புகளுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. நினைவாற்றல் தேர்வு மதிப்பெண்களும் பெரிதாக உயரவில்லை. மதிப்பெண் கிடக்கட்டும், வேலைக்குப் போக முடிவதுதானே முக்கியம்!

இது மருந்தோடு சேர்த்துச் செய்யும் பயிற்சி. இதை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.