பாம்புக்கும் வரும் கொடிய நோய்

செம்பனைக் காட்டில் மலைப்பாம்பைக் கண்டால் நம்மவர்கள் முதலில் கம்பைத்தான் தேடுகிறார்கள். எலியைத் தின்று நமக்கு நன்மை செய்யும் பிராணி அது என்று சொன்னாலும் கேட்பவர் குறைவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமோ, மலைப்பாம்பையும் போவா என்னும் பெரும்பாம்பையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் செல்லமாக வளர்ப்போர் பலர். 1970-ஆம் ஆண்டுகளிலிருந்து அவர்களைக் கலங்க வைத்துவரும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுவோம்.

நோய் கண்ட போவா, விழுங்கிய எலியைக் கக்கிவிடும். நாளடைவில் மெலியும். மல்லாந்தால் புரண்டு நிமிர முடியாது. சில பாம்புகள் தலையை அண்ணாந்து, நட்சத்திரம் எண்ணுவது போல அப்படியே நிற்கும். இறந்த பாம்பின் ஈரலையும் மூளையையும் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால், உயிரணுக்களுக்குள்ளே சிறு சிறு புரதக் கட்டிகள் தெரியும்.

காரணம் மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. 2012-இல்தான் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நோயுற்ற பாம்புகளில் அரினா வைரஸ் இனத்தைச் சேர்ந்த கிருமியைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் எலியால் மனிதருக்குப் பரவும் லாசா காய்ச்சலின் கிருமியும் அதே இனந்தான். பயப்பட வேண்டாம், பாம்பின் இந்தக் கிருமி மனிதரைப் பிடித்ததாகத் தெரியவில்லை.

2017-இல் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். ஒரே கிருமியைப் போவாக்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும் செலுத்தினார்கள். மலைப்பாம்புகளுக்கு இரண்டே மாதத்துக்குள் நரம்புக் கோளாறு கண்டது. போவாக்களோ இரண்டு ஆண்டு சென்றும் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தன. ஆனால் உடம்பு நிறையக் கிருமி!

நமக்கு இது புதிதல்ல. ஒருமுறை நாம் சந்தையில் ஒரு பெட்டைக் கோழி வாங்கி வந்து, அன்று மாலையே பழைய கோழிகளோடு அடைத்தோம். பத்து நாளில் எட்டுக் கோழிகள் தூங்கி விழுந்து செத்தன. தீனியைக் குறை சொன்னோம், மழையைக் குறை சொன்னோம். புதுக் கோழி மட்டும் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் நமக்குச் சந்தேகமே வரவில்லை.

பாம்பு நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தாய்ப் போவாவிடமிருந்து குட்டிக்கும் வரும். பாம்பின் செதிலிடுக்கில் இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகளும் பரப்பக்கூடும் என்று ஐயுறுகிறார்கள். ஆகவே புதிதாக வாங்கிய பாம்பைப் பல மாதம் வேறு அறையில் வைத்து, இரத்தச் சோதனை செய்து, அதற்கென்று தனித் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, தொட்ட கையைக் கழுவிய பிறகே மற்றப் பாம்புகளிடம் போவார்கள். நோய் முற்றிய பாம்பை வலியில்லாமல் இறக்கச் செய்வதைத் தவிர மிருக வைத்தியருக்கு வேறு வழியில்லை. பத்து, பதினைந்து ஆண்டு வளர்த்தவர் அழுகிறார். 'பாம்புதானே' என்று நமக்குத் தோன்றலாம். லயத்து நாய் செத்த அன்று நம் பிள்ளைகள் சோறு உண்ணாததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

தாய்மார்களே, செம்பனைக் காட்டில் மலைப்பாம்புக் குட்டியைப் பிடித்துப் பையன்கள் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தால், அடிக்காமல், கண்ட இடத்திலேயே விட்டுவரச் சொல்லுங்கள். உரிமமின்றி அதை வளர்ப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும்.