மது அருந்தியதாகச் சந்தேகித்துப் பொலிஸார் மறித்தால்
(அலுவிகாரையில் மீளக் குடியேறும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



நீங்கள் திரும்பி வந்திருக்கும் அலுவிகாரை ஏ-9 வீதியில் இருக்கிறது. கண்டியில் தொடங்கும் இவ்வீதி மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை வழியாக வவுனியா, கிளிநொச்சி கடந்து யாழ்ப்பாணம் வரை செல்கிறது. இதே வீதியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். அதனால் காக்கிச் சட்டையைக் கண்டதும் சிலருக்குக் கை நடுங்குகிறது. சிலர் வண்டியைத் திருப்பி ஓடப் பார்க்கிறார்கள். இரவில் போக்குவரத்துப் பொலிஸார் மறிப்பது அந்தப் பழைய சோதனையல்ல. அது எல்லாச் சாரதிகளுக்கும் பொதுவான சட்டம். அந்தச் சட்டத்தை அறிந்தவருக்குப் பயம் பாதியாகக் குறையும்.

இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருந்தால் அது குற்றம். இந்திய முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு சொல்: அங்கே எல்லை 30 மில்லிகிராம். இங்கே எல்லை கூட என்று எண்ணி யாரும் குடித்துவிட்டு ஓட வேண்டாம். எத்தனை கிளாஸில் 80 வரும் என்பது உடல் எடைக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்ப மாறும். கோப்பி, தேசிக்காய், வெற்றிலை எதுவும் இரத்தத்திலுள்ள மதுசாரத்தைக் குறைக்காது. நேரம் மட்டுமே குறைக்கும். கலியாண வீட்டில் நள்ளிரவு வரை குடித்தவருக்கு விடிந்த பிறகும் அது இரத்தத்தில் இருக்கலாம். மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லொறி, எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

மறித்தால் இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். இயந்திரத்தை அணைத்து, உள்விளக்கைப் போடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே உறையில் வைத்திருந்தால் தேடித் தடுமாற வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுத்தால், நீங்கள் மது அருந்தியதாகவே கொள்வதற்கு மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இடம் தருகிறது. ஊதும் குழாய் புதியதா என்று பாருங்கள், உறையை உங்கள் முன்னால் பிரிக்கும்படி கேளுங்கள். பலூன் பொருத்திய குழாயாக இருந்தால் அதிலுள்ள மஞ்சள் மணிகள் மதுசாரம் பட்டதும் பச்சையாக மாறும். பச்சை எதுவரை வந்தது என்பதை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிஷ்டமோ மதுசாரம் கலந்த இருமல் மருந்தோ குடித்திருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிவில் சந்தேகம் இருந்தால், அரசாங்க வைத்தியரிடம் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும்படி கேளுங்கள்.

இனி முக்கியமான விடயம். வேறு சில போக்குவரத்துத் தவறுகளுக்குத் தண்டப் பத்திரம் தருவார்கள், அதைத் தபால் கந்தோரில் கட்டலாம். மது அருந்தி ஓட்டிய குற்றத்துக்கு அந்த வழி இல்லை. அது நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆகவே வீதியில் நின்று கொடுக்கும் எந்தப் பணமும் தண்டமல்ல, இலஞ்சம். கொடுப்பதும் குற்றம். யாராவது கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

கைது செய்தால் காரணம் கேளுங்கள். காரணத்தைச் சொல்வது அவர்கள் கடமை. 24 மணித்தியாலத்துக்குள் உங்களை நீதவான் முன் நிறுத்த வேண்டும், அல்லது பொலிஸ் பிணையில் விட வேண்டும். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டு வீட்டுக்கு அறிவியுங்கள். கூட வந்தவர்கள் நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளட்டும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், தமிழில் வாசித்து விளக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் அரச கரும மொழி. இதைக் கேட்பது முரண்டு பிடிப்பதல்ல, உங்கள் உரிமை. அடித்தாலோ துன்புறுத்தினாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 இலக்கத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டப்பணம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்கும். சிறையும் கிடைக்கலாம், அனுமதிப்பத்திரமும் பறிபோகலாம். வாழ்வாதாரக் கடனில் முச்சக்கர வண்டி வாங்கிய குடும்பத்துக்கு இதில் பெரிய இழப்பு தண்டப்பணமல்ல, அனுமதிப்பத்திரம்தான். வண்டி வாசலில் நின்றாலும் அன்றாடச் சாப்பாடு நின்றுபோகும், கடன் தவணை நிற்காது.

ஆகவே தாய்மாரிடமும் தங்கைமாரிடமும் ஒரு வேண்டுகோள். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கோ கலியாண வீட்டுக்கோ புறப்படும்போதே, இன்று யார் குடிக்காமல் வண்டி ஓட்டுவது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் பஸ்ஸில் போங்கள். குடித்தவரின் கையிலிருந்து திறப்பை வாங்கி வைப்பது அவரை அவமதிப்பதல்ல. இத்தனை வருடம் அலைந்து திரும்பிய குடும்பம் வீதியில் ஒருவரை இழக்கக் கூடாது. வழியில் உங்கள் வண்டி மோதி நடந்துபோகிற இன்னொரு வீட்டுப் பிள்ளையும் இழக்கப்படக் கூடாது.