சாஃப்ட்பால் முகாமுக்குப் பணம் கட்டும் முன்



அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும் பெண் சாஃப்ட்பால் நன்றாக ஆடினால், கல்லூரிகளிலிருந்து வீட்டுக்கு மின்னஞ்சல் வரத் தொடங்கிவிடும். எங்கள் மைதானத்தில் பயிற்சி முகாம் நடக்கிறது, மகளை அனுப்புங்கள் என்று அழைப்பு. பெற்றோருக்குத் தலைகால் புரியாது. இவ்வளவு பெரிய கல்லூரி நம் பெண்ணைக் கவனித்துவிட்டதே என்று கட்டணத்தைக் கட்டி, விமான டிக்கெட்டும் எடுத்துவிடுவார்கள்.

அதற்கு முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புச் சிறுமிகளிடம்கூடக் கல்லூரிகள் வாய்வார்த்தையாக இடம் பேசி முடித்துவந்த காலம் ஒன்று இருந்தது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2018-இல் அதற்குக் கடிவாளம் போட்டது. மாணவி பதினோராம் வகுப்பில் சேரும் ஆண்டின் செப்டம்பர் 1 வரை, முதல் பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அணியில் சேர்ப்பது பற்றி அவளிடமோ பெற்றோரிடமோ பேசக் கூடாது. ஆனால் முகாம் விளம்பரம் அனுப்ப அந்தத் தடை இல்லை. வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புக்குள் யார் வந்தாலும் முகாமில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வருகிற முகாம் அழைப்பை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பல இடங்களில் துணைப் பயிற்சியாளர்களின் வருமானத்தில் முகாம் கட்டணத்துக்கும் பங்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த வயதில் முகாமுக்குப் போவதென்றால் கற்றுக்கொள்ளப் போக வேண்டும். கேட்சர் ஆடும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அவள் கையுறையில் விழுந்ததும் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கும். அவள் எழுந்து எறிந்த பந்து இரண்டாம் பேஸில் நிற்பவளின் கைக்குப் போனதும் நிற்கும். கல்லூரித் தரத்தில் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடுகிற வேலை இது. தோளில் எவ்வளவு வலு இருந்தாலும், எழும்போது கால் தடுமாறினால் பேஸ் திருட ஓடுகிறவள் தப்பிவிடுவாள். பக்கத்தில் நின்று அந்தக் காலைப் பார்த்து, எப்படி வைப்பது என்று செய்துகாட்டி, மறுபடி எறியச் சொல்ல ஒருவர் இருந்தால் கொடுத்த காசு தகும். நூறு பேரை வரிசையில் நிறுத்திவிட்டால் இது நடக்காது. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவிகள், தலைமைப் பயிற்சியாளர் நாள் முழுக்கக் களத்தில் இருப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

செப்டம்பர் 1 கடந்த பிறகு கதை வேறு. பயிற்சியாளரே தொலைபேசியில் அழைத்து, உன் ஆட்டத்தைப் பார்த்தேன், வா என்றால் தூரம் பார்க்காமல் போகலாம். அப்போதும் கல்லூரியின் இணையதளத்தில் அணிப் பட்டியலைப் பாருங்கள். முதலாண்டிலேயே இரண்டு கேட்சர்கள் இருந்தால் மூன்றாவதாக ஒருத்திக்கு இடம் கிடைப்பது கடினம். 2025-26 முதல், விளையாடுபவர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்ற புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 25 பேர்தான் உச்சவரம்பு. இடம் இறுகிவிட்டது.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஊர் ஊராகப் போய் வீராங்கனைகளைத் தேட அங்குள்ள பயிற்சியாளர்களிடம் பெரும்பாலும் பணம் இருக்காது. அதனால் முகாமில் கண்ணில் படுகிறவளுக்கு உண்மையிலேயே வாய்ப்பு உண்டு. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, படிப்புக்குக் கிடைக்கும். அந்த முகாமுக்குப் போகிறவள் மட்டையோடு மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப்போகட்டும்.