தோணி ஏறிய கிதாபுகள்

எல்லாரும் போருக்குப் புறப்பட்டுவிடாமல் ஒவ்வொரு கூட்டத்திலும் சிலராவது மார்க்கத்தில் விளக்கம் பெற்றுத் தம் மக்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 122ஆம் வசனம் உரைக்கிறது. இத்தகைய அறிவுக்கு அரபு மொழியில் இல்ம் என்று பெயர். அதை உடையவர் ஆலிம். போர்க்காலத்திலும் கல்விக்கென்று சிலரை ஒதுக்கிவைத்த சமுதாயத்தில், கல்விக்காகவே கடல் கடந்தவர்கள் தோன்றியதில் வியப்பில்லை. தமிழகத்தில் அவ்வாறு கடந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள்.

செய்யிது முஹம்மது என்னும் இயற்பெயருடைய அப்பெரியார் 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாஹிபு என்று போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் அவர்களிடம் கற்று, ஆசிரியரின் மகளையே மணந்தமையால் மாப்பிள்ளை ஆலிம் என்று வழங்கப்பட்டார். இமாமுல் அரூஸ் என்ற சிறப்புப் பெயரும் மணமகனைக் குறிக்கும் அரபுச் சொல்லை ஒட்டியதே. கீழக்கரை அரூஸிய்யா மத்ரஸாவில், அதாவது மார்க்கக் கல்விக்கூடத்தில், பாடம் நடத்திய அவர், இலங்கைக்குப் பலமுறை பயணம் செய்து, பள்ளிவாசல்களும் தைக்காக்களும் எழுவதற்குக் காரணமாக இருந்தார். தைக்கா என்பது இறைநினைவுக்கும் ஓதலுக்கும் உரிய சிறிய இல்லம். தொழுகை முடிந்தபின் மக்கள் கலைந்துவிடாமல் அமர்ந்து கேட்பதற்கு இடம் வேண்டும் என்பதை உணர்ந்தவரே பள்ளிவாசலோடு அதையும் எழுப்புவார்.

கட்டடங்களைவிட நெடுந்தூரம் சென்றவை அவர் எழுதிய கிதாபுகள், அதாவது நூல்கள். அவை அர்வி என்னும் அரபுத் தமிழில் அமைந்தவை. அர்வி தனிமொழி அன்று. தமிழையே அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதும் முறை. அரபு மொழியில் ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு எழுத்து இல்லாமையால், ஒலியில் நெருங்கிய அரபு எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளை முன்னோர் ஆக்கிக்கொண்டனர். இதன் பயன் பெரிது: குர்ஆன் ஓதுவதற்காக மட்டும் அரபு எழுத்தைக் கற்று, தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க வாய்ப்பில்லாதிருந்த பெண், அதே எழுத்தைக் கொண்டு தன் தாய்மொழியில் தொழுகை, நோன்பு, வாரிசுரிமை ஆகியவற்றின் சட்டங்களைத் தானே படிக்கலாம், எவரிடமும் கேட்கக் கூச வேண்டியதில்லை. ஆலிம் அவர்களின் ஃபத்ஹுத் தய்யான் என்னும் நூலும், மகானி என்று மக்கள் சுருக்கி அழைத்த நூலும், ஷாஃபிஈ மத்ஹபின்படி, அதாவது இமாம் ஷாஃபிஈ வகுத்த சட்டநெறியின்படி, இச்சட்டங்களைச் சொல்கின்றன. கீழக்கரைத் திண்ணையிலும் இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் வீட்டிலும் ஒரே கிதாபு ஓதப்பட்டதற்கு, மொழியைப் போலவே மத்ஹபும் இரு கரைக்கும் பொதுவாக இருந்தது காரணமாகும். ஃபத்ஹுத் தய்யான் 1963இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

வெளிநாடு சென்று மார்க்கம் போதிப்பது என்றால் தெரியாதவரைத் தேடிச் சென்று பேசிவிட்டுத் திரும்புவது என்று இன்று பலர் கருதுவது போதாது. பேச்சு அவ்விடத்திலேயே முடிந்துவிடும். கற்றவர் பிறருக்குக் கற்பிக்கும் நிலையை உண்டாக்கி, கையில் ஒரு நூலையும் கொடுத்துவிட்டு வருவதே போதனை. மாப்பிள்ளை ஆலிம் இவ்வாறு மார்க்கக் கல்வியைப் பரப்பிய காலத்திலேயே, அவர் மறைந்த அதே 1898இல் மறைந்த கண்டி அறிஞர் சித்திலெப்பை, 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, உலகக் கல்வியையும் முஸ்லிம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று வாதாடினார். மார்க்கக் கல்வியை உலகக் கல்விக்கு எதிரியாக நிறுத்துவோர் இவ்விருவரையும் ஒரே காலத்தில் பெற்ற தலைமுறையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழகத்திலிருந்து மார்க்கக் கல்வி சென்ற கடல்வழி இன்றும் மூடிவிடவில்லை. சிங்கப்பூரில் சோழமண்டலக் கரை வணிகர்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பேருரையான குத்பா தமிழில் ஒலிக்கிறது. ஆயினும் கிதாபுகளை அனுப்பிய தமிழக ஊர்களில் அர்வி எழுத்தைப் படிப்போர் அருகிவிட்டனர். சேர்த்துவைத்த கிதாபைப் பேரப்பிள்ளைகள் குர்ஆன் என்றே எண்ணி முத்தமிட்டு எடுத்துவைக்கும் நிலை வருத்தத்துக்குரியது.

சென்னையை அடுத்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு இக்கிதாபுகளைக் காப்பதில் தனிப்பங்கு உண்டு. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தொடங்கப்பட்டபின், வேலை நாடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்களால் நிறைந்தவை இவ்வூர்கள். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபினரும், தமிழும் உருதும் பேசுவோரும் ஒரே வரிசையில் தொழுகின்றனர். தென்கடற்கரையிலிருந்து வந்த குடும்பங்களில் எவருடைய பெட்டியிலேனும் பாட்டியார் ஓதிய அர்வி கிதாபு இருக்கக்கூடும். அதைப் பழைய தாளோடு எடைக்குப் போடாமல் வெளியே எடுத்து, மாலைநேர மக்தபில், அதாவது சிறுவர் ஓதல்பள்ளியில், படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை வாரம் ஒரு நாளாவது அமர்த்தி, அவர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும் பணியை இவ்வூர் ஜமாஅத்துகள், அதாவது பள்ளிவாசல் நிர்வாகங்கள், வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு கிதாபும் சில நோட்டுப்புத்தகங்களும் அந்த முதியவரின் கண்பார்வை மங்கும் முன்னான காலமும்தான்.