யூரியாவைச் சுட்ட பிள்ளை

(நூற்றாண்டு விழாவில் உயர்தர மாணவியருக்கான அமர்வில் ஆற்றிய உரை)



வைத்தியரைக் கூப்பிட்டால் டெங்கு, நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் குறைகடத்திகள் பற்றிப் பேசப் போகிறேன். உயர்தரப் பௌதிகவியலில் நான் வேண்டுமென்றே படிக்காமல் விட்ட அலகு அது. "டொக்டராகப் போகிறவளுக்கு டயோட்டு எதற்கு?" என்று தோழிகளிடமும் சொல்லித் திரிந்தேன்.

2020 இல் கொவிட் வாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. நோயாளியின் விரலில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீட்டருக்குள் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. ஒன்று 660 நனோமீற்றர் அளவில் சிவப்பு, மற்றது 940 அளவில் அகச்சிவப்பு. இரண்டுமே குறைகடத்திகள். அந்தக் கருவியின் தத்துவத்தை 1974 இல் முன்வைத்த ஜப்பானியர் தக்குவோ அவோயாகி, உலகம் முழுவதும் அதைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலிலேயே காலமானார்.

நிறத்தைத் தீர்மானிப்பது சக்தி இடைவெளி. கீழ்மாடி நிறைய இலத்திரன்கள், மேல்மாடி காலி, நடுவில் நிற்கப் படியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கீழே விழும் இலத்திரன் அந்த இடைவெளிக்கேற்ற ஒளியை விடும். மறுவளமாக, போதிய சக்தியுள்ள ஒளி பட்டால் கீழேயுள்ளது மேலே ஏறும். அதன் இடத்தில் ஒரு துளை மிஞ்சும். இலத்திரனும் துளையும் மேற்பரப்புக்கு வந்துவிட்டால் அங்கே இரசாயனத் தாக்கம் நடத்தலாம். இதுதான் ஒளியூக்கம். 1972 இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியமீரொட்சைட்டு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். தைத்தேனியம் எங்கள் புல்மோட்டை மணலிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு இடைவெளி பெரிது, 3.2 இலத்திரன்வோல்ற்று. சூரிய ஒளியில் ஐந்து வீதமளவே உள்ள புற ஊதா ஒளிதான் அதை அசைக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் மச்சாளின் மகள் சொல்லித் தந்தாள். அவளும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். மருத்துவபீடம் கொஞ்சப் புள்ளியால் தவறியது. இரண்டாம் முறையும் அப்படியே. விஞ்ஞானபீடம் கிடைத்திருந்தது. வீட்டில் செத்த வீடு போல இருந்தது. "மூன்றாந்தரமும் எழுது, விஞ்ஞானபீடத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று சொன்னவள் நான். அவள் கேட்கவில்லை. நல்ல காலம்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில், "இப்ப என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன். "யூரியா சுடுறன் மாமி" என்றாள்.

பகிடி இல்லை. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்து 550 பாகை செல்சியஸ் அளவில் சில மணித்தியாலம் சூடாக்கினால் இளமஞ்சள் தூள் வரும். மணம் தாங்க முடியாதாம். அந்தத் தூள் காபன் நைத்திரைட்டு. இதன் உறவுப் பொருளொன்றைப் பற்றி லீபிக் 1834 இலேயே எழுதினார். ஆனால் அது கட்புல ஒளியில் நீரிலிருந்து ஐதரசன் தரும் என்று 2009 இல்தான் வாங், அன்ரோனியெற்றி குழுவினர் காட்டினார்கள். இடைவெளி 2.7, நீல ஒளியே போதும்.

அது காரீயம் போல அடுக்கடுக்கானது. (காரீயத்தில் ஈயம் இல்லை. பென்சில் முனை குத்தியதென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மாமார் நினைவில் வைத்திருங்கள்.) போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டிய காரீயம், எங்கள் மேல்மாடி யன்னலால் தெரியும் இந்தத் துறைமுகத்தால்தான் கப்பலேறியது. கொழும்புக் கொட்டகைகளில் அதைத் தரம் பிரித்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். முகம், கை, சேலை எல்லாம் கறுப்பு. அதே காரீயத்திலிருந்து 2004 இல் மன்செஸ்ரரில் கெய்மும் நொவொசெலோவும் ஒட்டும் ரேப்பால் ஓரணுத் தடிப்புள்ள ஏட்டை உரித்தெடுத்தார்கள். அதுதான் கிரபீன். 2010 இல் நோபல் பரிசு.

கிரபீனில் மின் நன்றாக ஓடும், ஆனால் சக்தி இடைவெளி இல்லை. இடைவெளியுள்ள அடுக்குப் பொருளை மெல்லிய ஏடாக உரித்தால் என்ன நடக்கும் என்பதுதான் பிள்ளையின் ஆய்வு. மெலிந்தால் மேற்பரப்பு கூடும். இலத்திரன் வெளியே வர அதிக தூரமில்லை. ஆனால் இடைவெளி கொஞ்சம் அகன்று, பிடிக்கும் ஒளி குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்கலாம். இன்னொரு தொல்லை, மேலே போன இலத்திரன் வேலை செய்யாமல் திரும்பத் துளைக்குள் விழுந்துவிடுவது. அதைத் தடுக்கப் பக்கத்தில் கிரபீனை வைக்கிறார்கள். அது இலத்திரனை இழுத்துக்கொண்டு போகும். யூரியாவும் காரீயமும் அங்கே சேர்கின்றன. இந்த நாட்டில் இப்படி வேலை செய்ய முடியாதென்று சொல்பவர்களுக்குப் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினரைக் காட்டுங்கள். கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திலிருந்து 1995 இல், திரவம் தேவைப்படாத சாயச் சூரியக் கலத்தை அறிவித்தவர்கள் அவர்கள்.

எனக்கு இதில் ஒரு சுயநலம் உண்டு. நாங்கள் எழுதிக் கொடுக்கும் நுண்ணுயிர் கொல்லிகளில் ஒரு பங்கு உடலில் மாறாமல் சிறுநீரோடு கழிவுநீருக்குப் போகிறது. அங்கே கிருமிகள் அதற்குப் பழகுகின்றன. பிறகு வாட்டில் எந்த மருந்தும் கேட்காத நோயாளியாக அது திரும்பி வருகிறது. சிப்ரோபுளொக்சசின் கரைந்த நீரில் இந்த மஞ்சள் தூளைப் போட்டு ஒளி காட்டினால் மருந்து சிதைகிறது. ஆனால் அது முகவையில். வைத்தியசாலைக் கழிவுநீரில் சேறும் சவர்க்காரமும் உண்டு. தூளைத் திரும்ப வடித்தெடுக்கவும் வேண்டும்.

போன மாதம் அவளிடம், "மருந்து உடைந்த துண்டுகள் மருந்தைவிடக் கெட்டவையாக இருந்தால்?" என்று கேட்டேன். "அதைத்தான் மாமி இப்ப அளந்துகொண்டிருக்கிறன்" என்றாள்.

மூன்றாம் வரிசையில் நீலச் சேலையில் இருக்கிறாள். இரசாயனக் கேள்விகளை அவளிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால் மாட்டிக்கொள்வேன்.