கேமரா கடிகாரம் சரியா?

போன மாதம் பி பிளாக்கில் சைக்கிள் திருடு போனது. 4.10க்கு ஒரு பையன் சைக்கிளில் வெளியே போனதாக வாட்ச்மேன் நோட்டில் எழுதியிருந்தார். கேமராவில் அந்த நேரத்தில் ஆளே இல்லை. பழி அவர்மேல் விழுந்தது. பிறகுதான் பார்த்தோம்: டிவிஆர் கடிகாரம் 22 நிமிடம் பின்னால். 3.48 பதிவில் பையன் தெரிந்தான். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

நாளுக்கு 4 விநாடி பிசகினாலே வருடத்தில் சுமார் 24 நிமிடம் சேரும். டிவிஆரை இன்டர்நெட்டில் இணைத்து, செட்டிங்கில் ‘என்டிபி’யை ஆன் செய்து, டைம் ஸோன் +5.30 வைத்தால் நேர சர்வரைக் கேட்டு அதுவே திருத்திக்கொள்ளும். வீட்டில் விண்டோஸ் என்றால் ‘டேட் அண்ட் டைம்’ போய் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள்.

மாதம் ஒருமுறை டிவிஆர் நேரத்தைச் செல்போனோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராவது முன்வாருங்கள்.